சேர்வராயன் மலையின் மரத்தவளை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் மழைக்கால இரவில் தங்குமிடத்துச் சுவரில் ஒட்டியிருக்கும் மெலிந்த தவளையைக் கண்டு கேட்கும் கேள்விகளும், நாகலூர், மஞ்சக்குட்டை போன்ற ஊர்களில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன. இடையிடையே நீலகிரி, ஆனைமலைப் பக்கத்துத் தவளைகளைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. அவை அந்தந்த மலைக்கே உரியவை, ஏற்காட்டில் தேடக் கூடாதவை என்பதைப் படிப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

மரத்தவளையை மற்றத் தவளையிலிருந்து எப்படிப் பிரித்து அறிவது?

விரல் நுனியைப் பாருங்கள். வயலிலும் குளத்திலும் வாழும் தவளையின் விரல் கூராகவோ மழுங்கியோ முடியும். மரத்தவளையின் ஒவ்வொரு விரல் நுனியிலும் தட்டையான வட்டத் திண்டு ஒன்று இருக்கும். அந்தத் திண்டின் மேற்பரப்பு பெரும்பாலும் அறுகோண வடிவ அணுக்களால் ஆனது. அணுக்களுக்கு இடையில் ஓடும் நுண்ணிய வாய்க்கால்களில் சளிபோன்ற நீர் பரவி, ஈரக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் காகிதத்தைப் போல விரலைப் பரப்போடு பிணைக்கிறது. பசையும் இல்லை, உறிஞ்சு குழலும் இல்லை. பல்லியின் கால் உலர்ந்த சுவரில் பிடிப்பது முற்றிலும் வேறு முறை. இத்துடன் மெலிந்த இடுப்பு, நீண்ட கால்கள், முன்னோக்கிய பெரிய கண்கள் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஐயம் இராது.

ஏற்காட்டில் நாம் காண்பது எந்த மரத்தவளை?

வீட்டுச் சுவரிலும் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியருகிலும் பெரும்பாலும் காணக் கிடைப்பது பாலிபீடேட்ஸ் மாக்குலேட்டஸ் என்னும் இந்திய மரத்தவளை. 1830-இல் ஜான் எட்வர்ட் கிரே அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். ஆண் சிறியது, பெண் ஏறத்தாழ எட்டு சென்டிமீட்டர் வரை வளரும். முதுகு பழுப்பு, சாம்பல், மங்கிய மஞ்சள் என நேரத்துக்கு ஏற்ப மாறும். ஆனால் பின்தொடையின் உட்புறம் மாறாது: கரும்பழுப்பு வலைக்கு நடுவே மஞ்சள் பொட்டுகள். கால் மடங்கியிருக்கும்போது அவை தெரியாது. தாவும்போது ஒரு கணம் தெரியும்.

ஆங்கிலத்தில் இதற்குச் ‘சுனம் தவளை’ என்றும் ஒரு பெயர் உண்டு. சுனம் என்பது நம் சுண்ணம், அதாவது சுண்ணாம்பு. வெள்ளையடித்த சுவரில் பகல் முழுதும் வெளிறிப்போய் அசையாமல் ஒட்டியிருக்கும் தவளைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது என்றே எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் வீட்டில் இதைத் தேரை என்கிறார்கள். அது சரிதானா?

சரிதான், ஆனால் குழப்பம் தரும். இன்றைய பாடநூல்களில் தேரை என்றால் சொரசொரப்பான தோலும் கண்ணுக்குப் பின்னால் புடைத்த சுரப்பிகளும் உடைய, தரையில் தத்திச் செல்லும் உயிரி. வீடுகளில் பேசும்போதோ, சுவரிலும் சன்னல் மூலையிலும் ஒட்டிக் கிடக்கும் மெலிந்த மரத்தவளையும் தேரைதான். பழந்தமிழில் இந்தச் சொல் இன்னும் விரிவாக வழங்கியிருக்கிறது. மலைச்சுனையில் இருந்து ஒலிக்கும் அகன்ற வாய்த் தேரையின் குரலைத் தினைப்புனத்தில் கிளி ஓட்டும் தட்டையின் ஒலியோடு ஒப்பிடும் குறிஞ்சித் திணைப் பாடல் ஒன்று சங்கத் தொகையில் இருக்கிறது. மூங்கிலைப் பிளந்து செய்த தட்டையின் படபடப்பை நினைத்துக்கொண்டு மழையிரவில் காது கொடுத்தால், அந்தப் புலவர் எவ்வளவு கூர்ந்து கேட்டிருக்கிறார் என்பது விளங்கும். இந்தப் பக்கத்தில் மயக்கம் வேண்டாம் என்பதற்காக மரத்தவளை என்ற சொல்லையே ஆள்கிறேன்.

தேரை பாய்ந்தால் குழந்தை இளைத்துவிடும், தேரை மோந்தால் தேங்காய் பருப்பில்லாமல் போகும் என்பது உண்மையா?

இரண்டும் உண்மையல்ல. குழந்தை இளைப்பதற்குக் குடற்புழு, சத்துக்குறைவு, நீடித்த காய்ச்சல் என்று வேறு காரணங்கள் இருக்கும். தவளையை விரட்டிவிட்டு நிம்மதியடைவதால் மருத்துவரிடம் போவது தள்ளிப்போகிறது என்பதே இந்த நம்பிக்கையின் கேடு. பருப்பு வைக்காத ஒல்லிக்காய்க்கு மகரந்தச் சேர்க்கைக் குறையும் போரான் போன்ற சத்துகளின் பற்றாக்குறையும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. மூடிய மட்டைக்குள் இருக்கும் பருப்பைத் தவளையால் எதுவும் செய்ய முடியாது. எலும்பும் தோலுமாகத் தோன்றும் அதன் உருவத்தைப் பார்த்துத்தான் நம் முன்னோர் இளைத்த பிள்ளைக்கும் இளைத்த காய்க்கும் அதைக் காரணமாக்கியிருக்க வேண்டும்.

கோடையில் அது ஏன் குளியலறைக்குள் வந்து உட்காருகிறது?

ஈரத்துக்காக. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றுத் தோல் வழியாக ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அதே தோல் வழியாகத்தான் ஈரம் வெளியேறவும் செய்கிறது. ஆகவே பிப்ரவரி, மார்ச் மாதங்களில் காற்று உலரும்போது குளியலறை, தொட்டி மூடியின் அடிப்பக்கம், வாழை மட்டையின் இடுக்கு ஆகியவை அதற்குப் புகலிடம். கை கால்களை உடலோடு ஒடுக்கி, வயிற்றைத் தரையோடு அழுத்தி, காற்றுப் படும் பரப்பைக் குறைத்துக்கொண்டு உட்காரும்.

இதைவிட வியப்பானது அது தன்னைத் தானே துடைத்துக்கொள்வது. தோலில் உள்ள சுரப்பிகள் கொழுப்புக் கலந்த ஒரு நீரைச் சுரக்க, தவளை தன் கைகளாலும் கால்களாலும் தலை, முதுகு, விலா என்று மாறி மாறித் தடவி அதை உடல் முழுதும் பரப்புகிறது. அந்த மெல்லிய படலம் நீர் ஆவியாவதைக் குறைக்கிறது. எண்ணெய் தேய்த்துக்கொள்வதைப் போன்ற இந்தச் செயலை இதே இனத்தில் ஆய்வாளர்கள் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். குளியலறையில் காணும் தவளையைத் துடைப்பத்தால் வெயிலில் தள்ளிவிடாதீர்கள். விரட்டித்தான் ஆக வேண்டுமென்றால் மாலையில், ஈரமான செடிமறைவில் விடுங்கள்.

தொட்டியின் ஓரத்திலும் கிளையிலும் வெள்ளையாகச் சோப்பு நுரை போல ஒட்டியிருப்பது என்ன?

அது மரத்தவளையின் நுரைக்கூடு. இணை சேரும்போது பெண் ஒரு நீரைச் சுரந்து அதைப் பின்னங்கால்களால் அடித்து நுரையாக்குகிறது; முட்டைகள் நூற்றுக்கணக்கில் அதற்குள் இடப்படுகின்றன. வெளிப்பக்கம் காற்றுப் பட்டு மெல்லிய ஓடாக இறுக, உட்பக்கம் ஈரமாகவே இருக்கும். கூடு பெரும்பாலும் தேங்கிய நீருக்கு நேர் மேலே இருக்கும். தொட்டிச் சுவர், தாழ்ந்த கிளை, நீர் நிறைந்த வாளியின் விளிம்பு என எதுவாகவும் இருக்கலாம். சில நாட்களில் முட்டை பொரிந்து, நுரை இளகி, தலைப்பிரட்டைகள் சொட்டுச் சொட்டாகக் கீழே உள்ள நீரில் விழும். மீனும் தட்டான் பூச்சியின் நீர்வாழ் குஞ்சுகளும் முட்டையைத் தின்றுவிடாமல் காப்பதற்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: கீழே உள்ள நீர் பல வாரங்கள் வற்றாமல் இருக்க வேண்டும்.

தலைப்பிரட்டையே இல்லாத தவளையும் உண்டு என்கிறார்களே?

உண்டு. குளிர்ந்த மலைக்காடுகளில் வாழும் குட்டி மரத்தவளைகளின் சிறப்பே அதுதான். புதர்த்தவளை என்றும் இவற்றைச் சொல்வார்கள். இவற்றில் பலவும் இரண்டு, மூன்று சென்டிமீட்டரைத் தாண்டாதவை, கட்டைவிரல் நகத்தின் மேல் உட்காரக்கூடியவையும் உண்டு. இந்தியாவில் இவை பெரும்பாலும் ராவோர்செஸ்டிஸ் என்னும் பேரினத்தில் அடங்கும். பெங்களூரில் பணியாற்றிய விலங்கியலாளர் சி. ஆர். நாராயண ராவின் நினைவாக 2010-இல் வைக்கப்பட்ட பெயர் அது.

இந்தத் தவளைகளின் முட்டை மஞ்சள் கரு மிகுந்தது, அளவில் பெரியது, ஆகவே எண்ணிக்கையில் குறைவு. ஈர மண்ணிலோ இலைச் சருகுக்கு அடியிலோ இலைப் பரப்பிலோ இடப்படும். தலைப்பிரட்டை நீரில் நீந்திக் கழிக்க வேண்டிய பருவம் முழுவதும் முட்டைக்குள்ளேயே கழிந்துவிடுகிறது. சில வாரங்கள் சென்றபின் முட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவது நான்கு காலும் முளைத்த, அரிசி மணியளவான முழுத் தவளை. குளம், ஓடை, குட்டை எதுவும் தேவையில்லை.

தண்ணீரிலிருந்து விடுதலை பெற்றுவிட்டது என்று இதைப் பலரும் வியந்து சொல்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் முழுதும் சரியாகப் படவில்லை. குட்டைத் தண்ணீரை விட்டுவிட்டு அது மூடுபனியைப் பற்றிக்கொண்டிருக்கிறது. ஓடு இல்லாத அந்த முட்டையைச் சுற்றியுள்ள காற்று சில நாட்கள் உலர்ந்தால் போதும், கரு காய்ந்துவிடும். குட்டையில் முட்டையிடும் தவளை வெயில் காயும் சமவெளியிலும் பிழைத்துக்கொள்ளும். மண்ணில் முட்டையிடுவதோ மரநிழலும் சருகும் மேகமும் இருக்கும் இடத்தை விட்டு நகர முடியாது. ஒரு மரத்தவளை எங்கே வாழ முடியும் என்பதை அதன் காலைவிட அதன் முட்டையே முடிவு செய்கிறது என்று சொல்லலாம்.

இதற்குள்ளும் வகைகள் உண்டு. அகத்தியமலைப் பகுதியில் வாழும் ராவோர்செஸ்டிஸ் கலாசோட்ஸ் என்ற பச்சைத் தவளை, மூங்கில் இனத்தைச் சேர்ந்த நாணல் தண்டில் ஏற்கெனவே உள்ள சிறு பிளவு வழியாக உள்ளே நுழைந்து, உள்கூட்டில் முட்டையிடுகிறது. ஆண் அங்கேயே இருந்து காவல் காக்கிறது. 1876-இல் விவரிக்கப்பட்ட இந்த இனம் அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் இருந்து, மீண்டும் கண்டறியப்பட்ட செய்தி 2011-இல் வெளியானது. ஆனைமுடியைச் சூழ்ந்த உயர்மலையில் மட்டும் வாழும் செம்மஞ்சள் நிறத் தவளையான ராவோர்செஸ்டிஸ் ரெஸ்பிளெண்டென்ஸ் 2010-இல்தான் அறிவியலுக்கு அறிமுகமாயிற்று.

நீலகிரியில் உள்ள தவளை சேர்வராயன் மலைக்கு வர முடியாதா?

சேலம் நகரம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஆறு முதல் ஏழு பாகை வரை வெப்பம் குறையும் என்ற கணக்கில், அடிவாரத்துக்கும் மலையுச்சிக்கும் எட்டுப் பாகை அளவுக்கு வேறுபாடு இருக்கும். சமவெளியில் இருந்து பார்க்கிறவருக்குச் சேர்வராயன் ஒரு மலை; குட்டித் தவளைக்கு அது வெப்பக் கடல் சூழ்ந்த தீவு. மேட்டூர், சேலம், நாமக்கல் வெளிகளின் வெயிலில் இரண்டு சென்டிமீட்டர் உடம்பு ஒரு பகலைக்கூடத் தாங்காது.

அதனால்தான் இந்தத் தவளைகளில் பலவும் ஒரே ஒரு மலைத்தொகுதிக்கு மட்டும் உரியவையாக இருக்கின்றன. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே உள்ள இனங்களும் தெற்கே உள்ளவையும் பெரும்பாலும் வேறு வேறு. கிழக்குத் தொடர்ச்சி மலையிலும் இந்தப் பேரினம் உண்டு. ஆந்திரப் பகுதியிலிருந்து ராவோர்செஸ்டிஸ் டெரெப்ரான்ஸ் 1998-இல் விவரிக்கப்பட்டது. நுரைக்கூடு கட்டும் இந்திய மரத்தவளைக்கோ இந்தத் தடை இல்லை. சேலத்துச் சந்துகளிலும் ஏற்காட்டிலும் இலங்கையிலும் நேபாளத்திலும் அது ஒரே இனமாக வாழ்கிறது.

இரவில் கேட்கும் ‘டக் டக்’ ஒலி யாருடையது?

கட்டையில் விரலால் தட்டுவதுபோல விட்டுவிட்டு ஒலித்தால் அது பெரும்பாலும் இந்திய மரத்தவளையின் ஆண். பெண்ணை அழைக்கவும் மற்ற ஆண்களை விலக்கவும் அது குரலிடுகிறது. தொண்டையின் கீழுள்ள குரல்பையில் காற்று நிரம்பி ஒலியைப் பெருக்குகிறது. குட்டி மரத்தவளைகளில் இந்தப் பை தலையைவிடப் பெரிதாக, கண்ணாடிக் குமிழிபோல உப்பும். உடம்புக்குச் சற்றும் பொருந்தாத உரத்த ஒலி அதனால்தான். நீலகிரியின் ஒரு குட்டித் தவளைக்கு விலங்கியலாளர் ஜெர்டன் 1853-இல் வைத்த டின்னியென்ஸ் என்ற பெயருக்கே ‘மணியடிப்பது’ என்றுதான் பொருள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்ற பழமொழி இயற்கையைப் பார்த்துச் சொன்னதுதான். குரல் பெண்ணுக்குக் கேட்பதுபோலவே பாம்புக்கும் தவளையை இரையாக்கும் வேறு பகைகளுக்கும் இருப்பிடத்தைக் காட்டிவிடுகிறது. நீங்கள் நெருங்கியதும் தோட்டமே ஒரேயடியாக அமைதியாவது இதனால்தான். அசையாமல் ஐந்து நிமிடம் நின்றால் மறுபடியும் ஒன்று தொடங்கும், மற்றவை தொடரும்.

படம் எடுத்து அனுப்பினால் இனத்தின் பெயரைச் சொல்ல முடியுமா?

இந்திய மரத்தவளையைத் தொடைப் பொட்டை வைத்துச் சொல்லிவிடலாம். மூன்று சென்டிமீட்டருக்கும் சிறியதென்றால் படம் மட்டும் போதாது. ஒரே இனத்துத் தவளைகள் பச்சை, பழுப்பு, கோடு போட்டது, புள்ளியிட்டது எனப் பல தோற்றங்களில் இருக்கும். வேறு வேறு இனங்கள் ஒரே தோற்றத்திலும் இருக்கும். ஆய்வாளர்கள் குரலையும் மரபணுவையும் சேர்த்துப் பார்த்த பிறகே பெயர் சொல்கிறார்கள். ஆகவே கைப்பேசியில் ஒரு நிமிடமாவது ஒலியைப் பதிவு செய்து, இடம், நேரம், தரையிலிருந்து உயரம், மழை பெய்ததா என்ற குறிப்புகளோடு வையுங்கள். நல்ல படம் ஒன்றைவிட ஒழுங்கான ஒலிப்பதிவு ஒன்றையே நான் விரும்புவேன்.

காப்பித் தோட்டம் தவளைக்கு நல்லதா, கெட்டதா?

எப்படிப்பட்ட தோட்டம் என்பதைப் பொறுத்தது. சேர்வராயன் மலையில் காப்பி வந்தது 1820-களில், சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காலத்தில். இங்கு பயிராவது பெரும்பாலும் அரபிகா. அதற்கு நிழல் வேண்டும். பலா, அத்தி போன்ற நாட்டு மரங்கள் கலந்து நிற்கும் பழைய தோட்டத்தில் சருகு மெத்தைபோலக் கிடக்கும், பகலிலும் காற்று குளுமையாக இருக்கும். காட்டை இழந்த தவளைக்கு அது ஓரளவு ஈடு. நாட்டு மரங்களை வெட்டிவிட்டு வரிசையாகச் சவுக்கு மரம் மட்டும் வைத்த தோட்டத்தில் நிழல் மெலிந்து தரை காய்கிறது. சவுக்கு என்று இங்கே நான் குறிப்பது மலையில் அந்தப் பெயராலேயே பலர் அழைக்கும் சில்வர் ஓக் மரத்தை. அதில் ஏற்றிய மிளகுக்கொடி ஓரளவு மறைவு தரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்தது மருந்து. இலைத்துரு நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவை, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது. பயிருக்கு அது பழகிய மருந்துதான். ஆனால் மயில்துத்தத்தில் உள்ள தாமிரம் தலைப்பிரட்டைக்கு மிகக் குறைந்த அளவிலேயே நஞ்சாகும். மருந்தை அடிக்காதீர்கள் என்று தோட்டக்காரரிடம் சொல்வது பொறுப்பற்ற பேச்சு. கலக்கும் பீப்பாயையும் தெளிப்பானையும் குட்டையிலோ ஓடையிலோ கழுவாமல், நீர்நிலையிலிருந்து தள்ளிக் கழுவினாலே பெரும்பகுதித் தீங்கு நீங்கும். நுரைக்கூடு தொங்கும் தொட்டியில் மருந்து கலக்காமல் சில வாரம் விட்டுவைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

இது விஷமா? கையால் தொடலாமா?

மனிதருக்கு ஆபத்தான நஞ்சு இல்லை, கடிக்காது. தொடாமல் இருப்பது அதன் நலனுக்காக: நம் கையில் உள்ள உப்பு, சோப்பு, கொசு விரட்டிக் களிம்பு எல்லாம் அதன் தோல் வழியாக உள்ளே போய்விடும். தொட்டுவிட்டால் கண்ணைக் கசக்காமல் கையைக் கழுவுங்கள்.

வீட்டில் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கலாமா?

வேண்டாம்.

ஏற்காட்டில் எங்கே, எப்போது பார்க்கலாம்?

கோடை மழையில் காப்பி பூத்து முடிந்த பிறகு, ஜூன் முதல் நவம்பர் வரை, மழை விட்ட இரவில் ஏழு மணியிலிருந்து பத்து மணிக்குள் பாருங்கள். காட்டுக்குள் போக வேண்டிய தேவையே இல்லை. தங்கியிருக்கும் இடத்தின் தோட்டம், வேலியோரம், தண்ணீர்த் தொட்டி ஆகியவையே போதும். காப்புக்காட்டில் வனத்துறையின் அனுமதியின்றி இரவில் நுழைவது குற்றம். மலையில் குடியிருக்கும் மலையாளி என்னும் பழங்குடி மக்களின் கோயில் காடுகளிலும் அவர்களைக் கேட்காமல் கால் வைப்பது முறையாகாது.

மங்கலான விளக்கைப் பயன்படுத்துங்கள். குரலிடும் ஆணின் முகத்தில் தொடர்ந்து வெளிச்சம் அடித்தால் அது அன்றிரவு வாயே திறக்காமல் போகலாம். கிளையைப் பிடிப்பதற்கு முன் அதை ஒருமுறை பாருங்கள். பச்சை நிற மூங்கில் விரியன் இந்த மலையில் உண்டு. நீங்கள் தேடும் தவளையைத்தான் அதுவும் தேடிக்கொண்டிருக்கும். வேறு மலைக்குப் போய்வந்த காலணியைச் சேறு போகக் கழுவி நன்றாகக் காயவைத்து அணிவதும் அவசியம்: தவளைகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் என்ற பூஞ்சை ஈரச் சேற்றோடு பயணம் செய்யக்கூடியது, குளிர்ச்சியில் செழிப்பது.

எங்கள் குடிநீர்த் தொட்டியின் மேல் நுரைக்கூடு கட்டியிருக்கிறது. என்ன செய்வது?

குடிநீர் என்பதால் அங்கே விட்டுவைக்க முடியாது. கூடு கிளையில் இருந்தால் கிளையோடு வெட்டி, நிழலான குட்டைக்கு மேல், நீரில் படாத உயரத்தில் கட்டிவிடுங்கள். சுவரில் இருந்தால் ஈரமான அகன்ற இலையால் மெதுவாக வழித்தெடுத்து, அந்த இலையோடு ஒரு வாளி மழைநீரின் மேல் குச்சிகளில் தாங்கலாக வையுங்கள். குழாய்நீரில் குளோரின் இருக்கும் என்பதால் மழைநீர் அல்லது கிணற்றுநீர் நல்லது. தலைப்பிரட்டைகள் விழுந்தபின் பாசி படிந்த கல் ஒன்றை வாளியில் போடுங்கள், அவை சுரண்டித் தின்னும். கால் முளைக்கும் நேரத்தில் ஏறி வருவதற்கு ஒரு குச்சியைச் சாய்த்து வைக்க மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் குட்டித் தவளைகள் மூழ்கிவிடும். அடுத்த மழைக்குள் தொட்டிக்கு இடுக்கில்லாத மூடி ஒன்று போட்டுவிடுங்கள்.